ஆயிரம் லிட்டர் தண்ணீரில் எத்தனை யூனிட்?

கோடை விடுமுறைக்கு சுவிட்சர்லாந்து போய்வந்தவர்கள், பிள்ளைகள் அங்கே வேலையில் இருப்பவர்கள், இங்கே பாலிடெக்னிக்கில் படிப்பவர்கள் என மும்பை, தானே, நவி மும்பை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் இந்த முறை அந்த நாட்டின் மின்சாரம் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். பதில்கள் மின்துறைப் பொறியாளர்கள் எழுதியவை.

கேள்வி: ஜூரிச்சிலிருந்து பெர்ன், இன்டர்லாக்கன் என்று சுற்றினோம். ஒரு புகைபோக்கிகூடக் கண்ணில் படவில்லை. அத்தனை ரயிலும் ஓட மின்சாரம் எங்கிருந்துதான் வருகிறது? (மாட்டுங்கா வாசகி)

நிலக்கரி மின் நிலையம் ஒன்றுகூட அங்கே கிடையாது. ஒரு சராசரி ஆண்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் அறுபது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீரிலிருந்தும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அணு உலைகளிலிருந்தும் வருகிறது. மீதியைக் கூரைமேல் உள்ள சூரியத் தகடுகளும் குப்பை எரிக்கும் நிலையங்களும் தருகின்றன. காற்றாலையின் பங்கு மிகச் சிறியது. எரியக்கூடிய குப்பையை மண்ணில் கொட்டுவதற்கு 2000-லிருந்து தடை உள்ளதால், எல்லாம் சுமார் முப்பது எரிநிலையங்களுக்குப் போய்விடுகிறது. அந்த வெப்பத்தில் மின்சாரமும் வீடுகளுக்கு வெந்நீரும் கிடைக்கின்றன. தேவ்நார் குப்பைமேட்டைத் தினமும் தாண்டிப் போகிறவர்கள் பெருமூச்சு விடலாம்.

பெரிய நீர்மின் நிலையங்கள் பலவும் மலைக்குள் குடைந்த குகைகளில் இருப்பதால் சுற்றுலாப் பயணியின் கண்ணில் படுவதில்லை. ரைன், ஆரே ஆறுகளில் ஆற்றோட்டத்தைத் தேக்காமலே சுழலும் நிலையங்கள் வரிசையாக உண்டு. மேட்டூருக்குக் கீழே காவிரியில் இருக்கும் கதவணை மின் நிலையங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. புகைபோக்கி இல்லாவிட்டாலும் ஒரு கோபுரத்தை நீங்கள் தவறவிட்டிருக்கிறீர்கள். ஜூரிச்சிலிருந்து பெர்ன் போகும் வழியில் ஓல்டன் நகரை நெருங்கும்போது தெரியும் 150 மீட்டர் உயரக் கோபுரம் கோஸ்கன் அணுமின் நிலையத்தின் குளிர்கோபுரம். அதிலிருந்து எழுவது புகையல்ல, நீராவி.

கேள்வி: பியுத்ரோன் நீர்மின் நிலையத்தில் 1,883 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் இறங்குவதாக வகுப்பில் சொன்னார்கள். மொட்டைமாடி டேங்க் அளவுக்கு, 1,000 லிட்டர் தண்ணீர் விட்டால் எத்தனை யூனிட் கிடைக்கும்? கணக்கைப் படிப்படியாகச் சொல்லுங்கள் சார். (ஐரோலி பாலிடெக்னிக் மாணவர்)

ஏறக்குறைய நாலரை யூனிட். 1,000 லிட்டர் என்பது 1,000 கிலோ. அதை 9.81-ஆலும் 1,883-ஆலும் பெருக்கினால் சுமார் 1.85 கோடி ஜூல் வரும். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். வகுத்தால் 5.13. குழாய் உராய்வு, டர்பைன், ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர் இழப்புகளுக்கு மொத்தமாகப் பத்து சதவீதம் கழித்தால் 4.6. அதே தண்ணீர் உங்கள் கட்டடத்தின் ஐந்தாவது மாடியிலிருந்து, அதாவது 15 மீட்டர் இறங்கினால், இழப்பே இல்லையென்றாலும் 0.04 யூனிட்தான். ஒரு 9 வாட் பல்பு நாலரை மணி நேரம் எரியும். மொட்டைமாடி டேங்க்கில் டர்பைன் வைத்துக் கரன்ட் பில்லைக் குறைக்கலாம் என்று சுற்றும் வாட்ஸ்அப் வீடியோக்களை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி திறன். எல்லா இயந்திரங்களும் முழு வேகத்தில் ஓடும்போது நொடிக்கு 75 கன மீட்டர் தண்ணீர் இறங்குகிறது. 9.81, 75, 1,883 மூன்றையும் பெருக்கினால் சுமார் 13,85,000 கிலோவாட். 92 சதவீதம் என்று வைத்தால் 1,274 மெகாவாட். நிலையத்தின் அறிவிக்கப்பட்ட திறன் 1,269 மெகாவாட், அதாவது தலா 423 மெகாவாட் கொண்ட மூன்று பெல்டன் டர்பைன்கள் (சக்கரத்தின் விளிம்பில் உள்ள கிண்ணங்களில் நீர்த்தாரை மோதிச் சுழற்றும் வகை). உங்கள் கணக்கு இந்த அளவுக்கு ஒத்துவந்தால் அலகுகளில் பிழையில்லை என்று நம்பலாம். மாணவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் கன மீட்டரையும் லிட்டரையும் குழப்பிக்கொள்ளும் இடத்தில்தான்.

பெல்டன் ஏன் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குழாயின் அடியில் அழுத்தம் சுமார் 185 பார் (ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). அவ்வளவு அழுத்தத்தைச் சக்கரத்தைச் சுற்றி அடைத்துவைக்க முடியாது. சக்கரத்தைச் சுற்றிலும் அழுத்தத்தோடு நீர் நிறைந்திருக்கும் பிரான்சிஸ் டர்பைன் வைத்தால் சக்கரத்துக்கும் கூட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாகக் கசிந்தே வீணாகும், உலோகமும் அரிக்கும். பெல்டனில் அழுத்தம் முழுவதும் மூக்குக்குழாயிலேயே வேகமாக மாறிவிடும். சக்கரம் சாதாரணக் காற்றில் சுழலும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஐந்து மூக்குகள். வெளியே வரும் தாரையின் வேகம் நொடிக்கு சுமார் 190 மீட்டர், மணிக்கு 680 கிலோமீட்டருக்கு மேல். கிண்ணங்கள் தாரையின் பாதி வேகத்துக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்தால்தான் தண்ணீரிலிருந்து ஆற்றலை முழுமையாக உருவ முடியும். சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய 4 மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 428.6 சுற்று. கிண்ணத்தின் வேகம் நொடிக்கு 90 மீட்டரை ஒட்டி வருகிறதா என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அந்த 428.6 எங்கிருந்து வந்தது? ஜெனரேட்டரில் 14 துருவங்கள். 50 ஹெர்ட்ஸை 120-ஆல் பெருக்கி 14-ஆல் வகுத்தால் கிடைப்பது அதுதான்.

தேர்வில் கேட்கக்கூடிய இன்னொன்று: மின்சாரம் திடீரெனத் துண்டித்தால் சுமை இல்லாத சக்கரம் வேகமெடுக்கும். உடனே மூக்குக்குழாயைத் திறந்து மூடும் ஊசி வால்வை மூடினால் சக்கரம் தப்பும், குழாய் வெடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நீர்த்தண்டு சட்டென நிற்கும்போது அழுத்தம் எகிறிவிடும். அதனால் முதலில் ஒரு தடுப்புத் தகடு தாரையின் குறுக்கே வந்து அதைச் சக்கரத்திலிருந்து விலக்கிவிடும். அதன் பிறகே ஊசி மெல்ல மூடும்.

நம் ஊரில் இந்த உயரத்துக்குப் பக்கத்தில் வருவது நீலகிரியின் பைக்காரா இறுதிநிலை மின் நிலையம், ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல். 1915-ல் மும்பைக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கிய கோபோலியில் ஐந்நூறு மீட்டர் அளவுதான்.

கேள்வி: அதே பியுத்ரோனில் குழாய் வெடித்து ஆட்கள் இறந்தார்களாமே? (பாண்டூப் வாசகர்)

ஆம். 2000 டிசம்பர் 12 அன்று, நிலையம் தொடங்கி இரண்டு ஆண்டுகளில், மலைக்குள் செல்லும் சாய்வான அழுத்தக் குழாய் ஏறக்குறைய 9 மீட்டர் நீளத்துக்குப் பிளந்தது. பிளவுக்கு மேலே நின்றது ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான நீர்த்தண்டு. மலைச்சரிவு கரைந்து சேறும் பாறையுமாக இறங்கியது. மூன்று பேர் இறந்தார்கள்.

இத்தகைய குழாயில் எஃகு மட்டும் அழுத்தத்தைத் தாங்குவதில்லை. எஃகுக்கும் குடைந்த பாறைக்கும் இடையே கான்கிரீட் நிரப்பி, பாறையும் ஒரு பங்கு சுமக்கும் என்று கணக்கிட்டுத்தான் எஃகின் தடிமனைத் தீர்மானிக்கிறார்கள். பிளந்த இடத்தில் பாறை பலவீனம். அதோடு, தடிமனைக் குறைப்பதற்காகப் பயன்படுத்தும் மிக உயர்வலிமை எஃகில் பற்றவைப்பு எளிதல்ல. முன்சூடு போதாமலோ ஈரம் கலந்தோ போனால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, பற்றவைத்த பிறகு, ஆறிய நிலையில் மெல்லிய விரிசல் விழும். ஆய்வுகளில் பேசப்பட்ட இரண்டு காரணங்களும் இவையே. நிலையம் ஒன்பது ஆண்டுகள் மூடிக் கிடந்தது.

கேள்வி: பனிப்பாறை உருகி வரும் தண்ணீர் சுத்தமானதுதானே, டர்பைனுக்கு என்ன கெடுதல்? (வாஷி வாசகர்)

சுத்தமா? பால்போல் வெளுத்து வருவது பனிப்பாறை அரைத்த பாறைமாவு. அதில் உள்ள குவார்ட்ஸ் துகள் எஃகைவிடக் கடினமானது. நொடிக்கு நூறு மீட்டருக்கு மேல் போகும் தாரையில் அது கலந்தால், பெல்டன் கிண்ணத்தின் நடுவில் தாரையை இரண்டாகப் பிரிக்கும் கூர்விளிம்பு முதலில் மழுங்கும். விளிம்பு அகலமாக ஆக ஆகத் தண்ணீர் சிதறும், திறன் குறையும். அடுத்தது ஊசியின் நுனியும் அதன் இருக்கை வளையமும். அங்கே பள்ளம் விழுந்தால் தாரை கட்டுக்கோப்பு இழந்து விரியும். ஊசி மூடிய பிறகும் கசியும்.

தடுப்பு மூன்று கட்டம். நீர் எடுக்குமிடத்தில் வண்டல் தொட்டி கட்டி, ஓட்டத்தை நொடிக்கு 20, 30 சென்டிமீட்டருக்குக் குறைத்தால் மணல் அடியில் தங்கிவிடும். நுண்ணிய மாவு தங்காது, அதற்கு அணைக்கட்டின் ஏரியே தொட்டி. கிண்ணங்களின் மேல் டங்ஸ்டன் கார்பைடு பூச்சு அடிக்கிறார்கள். அதுவும் தேயும்போது இறக்கி, அச்சு வைத்து வடிவத்தை அளந்து, தேய்த்துப் பூசி மாட்டுகிறார்கள். ஏரியிலேயே வண்டல் ஏறிக்கொண்டு போனால் அடிமதகு புதைந்துவிடும். அலெட்ச் பனிப்பாறையின் நீரைப் பிடிக்கும் கெபிடெம் ஏரியை அதற்காகவே ஆண்டுதோறும் காலிசெய்து அலசி விடுகிறார்கள். நம் சட்லெஜில் வண்டல் அளவு மீறும் நாட்களில் நாத்பா ஜாக்ரி நிலையத்தையே நிறுத்திவிடுவதும் இதே காரணத்தால்தான்.

கேள்வி: இத்தனை அணை இருந்தும் குளிர்காலத்தில் ஜெர்மனி, பிரான்ஸிடம் மின்சாரம் வாங்குகிறார்கள் என்று என் மருமகன் சொல்கிறார். நம்ப முடியவில்லை. (செம்பூர் வாசகி)

மருமகன் சொல்வது சரி. அங்கே ஆறுகளில் தண்ணீர் கூடுவது மே முதல் செப்டம்பர் வரை, பனி உருகும்போது. தேவை கூடுவது நவம்பர் முதல் மார்ச் வரை: இருட்டு, குளிர், வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப். அப்போது மழை பனியாக விழுந்து மலைமேலேயே உட்கார்ந்துவிடும், ஆறு மெலிந்துவிடும். அதனால் மலை ஏரிகளைக் கோடையில் நிரப்பி, அக்டோபரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறார்கள். செப்டம்பர் கடைசியில் ஏரி ததும்பும், ஏப்ரலில் தரை தெரியும். லோனாவ்லா, முல்ஷி ஏரிகள் ஜூன் தொடக்கத்தில் வறண்டு, செப்டம்பரில் நிரம்பி நிற்பதை மும்பைக்காரர்கள் அறிவார்கள். நம் ஏரிகளை நிரப்புவது பருவமழை, அவர்களுடையதை உருகும் பனி.

நாட்டின் எல்லா மலை ஏரிகளும் நிரம்பினால் அவற்றில் இருப்பது ஏறக்குறைய 890 கோடி யூனிட். ஆண்டுத் தேவை சுமார் 5,600 கோடி யூனிட். ஆக, கையிருப்பு இரண்டு மாதச் செலவுக்குக்கூட முழுசாகக் காணாது. ஆற்றோட்ட நிலையங்களும் அணு உலைகளும் குளிர்காலத்தில் ஓடினாலும் ஒரு பள்ளம் விழுகிறது, அதை இறக்குமதி நிரப்புகிறது. கோடையில் மிஞ்சுவதை விற்றுவிடுவார்கள். ஆண்டுக் கணக்கில் வரவும் செலவும் ஏறக்குறைய சமமாகத் தெரியும், ஜனவரி மாதக் கணக்கைப் பார்த்தால்தான் நிலைமை புரியும். எந்த நாட்டின் மின்சாரத்தைப் பற்றிப் படித்தாலும் ஆண்டு மொத்தத்தோடு நிற்காதீர்கள், மாதவாரியாகக் கேளுங்கள்.

இதில் கணிசமான பங்கு கிராந்த் டிக்ஸான்ஸ் என்ற ஒரே அணையில். 285 மீட்டர் உயரம், 60 லட்சம் கன மீட்டர் கான்கிரீட், 1961-ல் முடிந்தது. பின்னால் 40 கோடி கன மீட்டர் தண்ணீர். மாட்டர்ஹார்ன் மலை வரைக்கும் போய், 35 பனிப்பாறைகளின் உருகுநீரைச் சுமார் நூறு கிலோமீட்டர் சுரங்கக் கால்வாய்கள் வழியாகச் சேர்க்கிறார்கள். மேலே கணக்குப் போட்ட பியுத்ரோனுக்கு நீர் வருவது இங்கிருந்துதான். கன மீட்டருக்கு 4.6 யூனிட் என்று பெருக்கினால் ஏரி முழுவதும் சுமார் 184 கோடி யூனிட். நாட்டின் கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கு.

2022-ன் எரிவாயு நெருக்கடிக்குப் பிறகு ஒரு புதிய ஏற்பாடு வந்தது. ஏரி உரிமையாளர்கள் ஒரு பகுதித் தண்ணீரை விலை ஏறினாலும் விற்காமல் குளிர்காலக் கடைசி வரை வைத்திருக்க வேண்டும், அதற்கு அவர்களுக்குப் பணம். பிர் என்ற ஊரில் எட்டு டர்பைன்களுடன் 250 மெகாவாட் தற்காலிக நிலையமும் அவசரத்துக்கென்று அமைக்கப்பட்டது.

சூரிய மின்சாரத்திலும் அதே குளிர்காலக் கவலைதான். 2,474 மீட்டர் உயரத்தில் உள்ள முட்சே அணையின் சுவரில் ஏறக்குறைய 5,000 தகடுகள் பதித்திருக்கிறார்கள். 2.2 மெகாவாட், ஆண்டுக்கு 33 லட்சம் யூனிட், அதில் பாதி குளிர்கால அரையாண்டில். சமவெளியில் மூடுபனி மறைக்கும் மாதங்களில் அங்கே வெயில் இருக்கும், தரைப்பனி ஒளியைத் திருப்பி அனுப்பும், குளிரில் தகட்டின் திறன் கூடும், செங்குத்தாக இருப்பதால் பனி வழுக்கி விழுந்துவிடும். விலை மட்டும் மலையளவு.

கேள்வி: கீழே உள்ள தண்ணீரை மேலே ஏற்ற 100 யூனிட் செலவழித்து, இறக்கும்போது 80 யூனிட் எடுப்பது எந்த ஊர் லாபம்? (டோம்பிவிலி வாசகர்)

நண்பகலில் வாங்கி மாலையில் விற்கும் லாபம். விற்கும் விலை வாங்கிய விலையைப்போல 1.25 மடங்கைத் தாண்டினாலே இழப்பு ஈடாகிவிடும், அதற்கு மேல் வருவதில்தான் கட்டுமானக் கடனையும் பராமரிப்பையும் சமாளிக்க வேண்டும். வெயில் கொளுத்தும் ஞாயிறு பிற்பகல்களில் ஐரோப்பியச் சந்தையில் விலை பூஜ்யத்துக்குக் கீழே போவதுண்டு. அப்போது தண்ணீர் ஏற்றுவதற்கே காசு தருவார்கள்.

2022 ஜூலையில் தொடங்கிய ‘நான் த ட்ரான்ஸ்’ என்ற நீரேற்று நிலையம் தலா 150 மெகாவாட் கொண்ட ஆறு இயந்திரங்களால் ஆனது. மொத்தம் 900 மெகாவாட். எல்லாம் எமோசோன் ஏரிக்கருகே மலைக்குள் 600 மீட்டர் ஆழக் குகையில். ஒரே இயந்திரம் ஒரு பக்கம் சுழன்றால் டர்பைன், மறுபக்கம் சுழன்றால் பம்ப். முழு பம்பிங்கிலிருந்து முழு உற்பத்திக்கு ஐந்து நிமிடத்துக்குள் மாறும். பழைய நிலையங்களில் பம்ப் ஓடினால் முழுத் திறன், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. இங்கே வேகத்தை மாற்ற முடிவதால், எடுக்கும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து, மின் கட்டமைப்பின் அதிர்வெண்ணையும் நிலையாக வைக்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

ஆனால் அளவைக் கவனியுங்கள். மேல் ஏரியில் இரண்டரைக் கோடி கன மீட்டர் தண்ணீர், இரண்டு கோடி யூனிட். முழுத் திறனில் 22 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மேலே சொன்ன 890 கோடியோடு ஒப்பிட்டால் இது கைச்செலவுப் பணம். நீரேற்று நிலையம் குளிர்காலப் பற்றாக்குறையைத் தீர்க்கும் என்று எழுதும் செய்திகள் நாள் கணக்கையும் பருவக் கணக்கையும் போட்டுக் குழப்புகின்றன. நம் கடம்பாறை (400 மெகாவாட்), காட்கர் (250), பீராவின் 150 மெகாவாட் நீரேற்று அலகு மூன்றுக்கும் இதே வரம்பு உண்டு.

கேள்வி: மும்பை லோக்கலுக்கு 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 15,000 வோல்ட், 16.7 ஹெர்ட்ஸாமே! இந்த விசித்திர எண் எதற்கு? (கல்யாண் ரயில்வே ஊழியர்)

நூறாண்டுக்கு முந்தைய மோட்டார் விட்டுச்சென்ற எண். அன்றைய ரயில் மோட்டாரில் சுழலும் சுருள்களுக்கு மின்சாரம் கொடுக்கும் கம்யூட்டேட்டரும் பிரஷும் இருந்தன. மாறுமின்சாரத்தில் ஓட்டும்போது பிரஷுக்கு அடியில் குறுக்கிணைப்பாகும் சுருள், டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் சுருளாகிவிடும். அதில் தூண்டப்படும் வோல்டேஜ் அதிர்வெண்ணோடு ஏறும், தீப்பொறி பறக்கும். அதிர்வெண்ணை 50-ல் மூன்றில் ஒன்றாகக் குறைத்ததும் பொறி அடங்கியது. முதல் உலகப்போரில் நிலக்கரி கிடைக்காமல் தவித்த நாடு, அதற்குப் பின் வேகமாக ரயில் பாதைகளை மின்மயமாக்கியபோது இதுவே நிலைத்தது.

முன்பு சரியாக 16⅔. 1995-ல் 16.7 ஆக்கினார்கள். 50 ஹெர்ட்ஸிலிருந்து மாற்றித் தரும் பழைய சுழல் இயந்திரங்களில், விகிதம் சரியாக மூன்றுக்கு ஒன்றாக இருந்தால் ரோட்டர் சுருள்களில் ஒரு கட்டத்திலேயே (ஃபேஸ்) நேர்மின்னோட்டம் தேங்கி அது மட்டும் சூடேறும். சற்றே தள்ளிவைத்தால் சூடு மூன்று கட்டங்களிலும் சுற்றிப் பரவும்.

இன்றைய இன்ஜின்களில் இன்வெர்ட்டர் இருப்பதால் 50 ஹெர்ட்ஸே போதும். ஆனால் ரயில்வேக்கென்றே அம்ஸ்டெக், ரிட்டோம், எட்சல், ஷாத்லார் போன்ற தனி நீர்மின் நிலையங்களும் 132 கிலோவோல்ட் தனி லைன்களும் நாடு முழுக்க நிற்கின்றன. மாற்றுவது நடவாத காரியம். நன்மையும் உண்டு. நம் பாதையில் கட்டம் மாறும் இடத்தில் மின்சாரமற்ற துண்டாக நியூட்ரல் செக்‌ஷன் வைத்து, மின்சாரத்தை நிறுத்தி, ஓடும் வேகத்திலேயே கடக்கிறோம். அங்கே முழுப் பாதையும் ஒரே கட்டம். தீமை: டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகம் ஏறக்குறைய மூன்று மடங்கு பருமன் ஆக வேண்டும், இன்ஜின் கனக்கும். தனிக் கட்டமைப்பு என்பதால் 2005 ஜூன் 22 மாலை இன்னொரு வினையும் வந்தது. பணிகளுக்காக இரண்டு லைன்கள் நிறுத்தப்பட்டிருந்தபோது மூன்றாவது பாரம் தாங்காமல் துண்டித்துக்கொள்ள, கோதார்டு மலைப்பக்க உற்பத்தி வடக்கிலிருந்து பிரிந்தது. நாடு முழுக்க ரயில்கள் நின்றன. வீடுகளில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

கேள்வி: சுவிட்சர்லாந்தில் ஒரு மரத்தில் லைன் பட்டதற்கு இத்தாலி முழுவதும் இருண்டது என்கிறார்களே, கதையா நிஜமா? (முலுண்ட் வாசகர்)

நிஜம். 2003 செப்டம்பர் 28, ஞாயிறு அதிகாலை 3.01. லுக்மானியர் கணவாய் வழியாக இத்தாலிப் பக்கம் போகும் 380 கிலோவோல்ட் லைன் பாரத்தில் சூடேறித் தொய்ந்து, மரத்துக்குப் பாய்ந்து, துண்டித்தது. திரும்ப இணைக்க முயன்றார்கள், முடியவில்லை. லைனின் இரு முனைகளுக்கும் இடையே கட்டக் கோணம், அதாவது இரு பக்க மின்னலைகளும் ஒன்றுக்கொன்று முன்பின்னாக இருக்கும் அளவு, 42 பாகையாக விரிந்திருந்தது. 30 பாகைக்கு மேல் போனால் இணைக்கவிடாதபடி பாதுகாப்பு அமைப்பு இருந்தது. அதனால் அந்தப் பாரமெல்லாம் சான் பெர்னார்டினோ வழி லைனில் ஏறியது. அந்த அதிகப் பாரத்தைச் சுமார் 15 நிமிடம் தாங்கலாம். 3.11-க்குத்தான் ரோமுக்குத் தொலைபேசி போனது: இறக்குமதியை 300 மெகாவாட் குறையுங்கள். 3.21-க்குக் குறைத்தார்கள். அது போதவில்லை. 3.25-க்கு அந்த இரண்டாவது லைனும் தொய்ந்து மரத்தைத் தொட்டது. அடுத்த சில நொடிகளில் பிரான்ஸ், ஆஸ்திரியா, ஸ்லோவேனியா வழி லைன்கள் ஒவ்வொன்றாக விட்டுவிட, இத்தாலி தனித்து நின்றது. அதிர்வெண் 47.5-ஐத் தொட்டதும் அங்கிருந்த ஜெனரேட்டர்கள் தம்மைக் காத்துக்கொள்ளக் கழன்றன. 3.28-க்கு சார்டினியா தீவு தவிர நாடே இருட்டு.

மரம் ஒரு காரணம்தான். கடைசி அரை மணியில் தொலைபேசிக்குப் பத்து நிமிடமும் நடவடிக்கைக்குப் பத்து நிமிடமும் போனதே முக்கியக் காரணம். அதன் பின் நாட்டின் உயர் அழுத்தக் கட்டமைப்பை நடத்தும் பொறுப்பு ஸ்விஸ்கிரிட் என்ற ஒரே அமைப்பிடம் வந்தது. 2020 அக்டோபர் 12 காலை மும்பையில் நடந்ததும் இதே வகை: வெளியிலிருந்து வரும் லைன்கள் அடுத்தடுத்துப் போயின, நகரத்தைத் தனித்தீவாகப் பிரிக்கும் ஏற்பாடு நிலைக்கவில்லை. தீவு பிழைக்க வேண்டுமானால் உள்ளே ஓடும் உற்பத்திக்குச் சமமாகச் சுமையைச் சில நொடிகளில் வெட்டியாக வேண்டும். உற்பத்தியே குறைவாக ஓடிக்கொண்டிருந்தால் எதை வெட்டுவது?

கேள்வி: 2018-ல் ஜூரிச்சில் மகள் வீட்டில் இருந்தேன். அடுப்பிலிருந்த கடிகாரம் மட்டும் ஆறு நிமிடம் பின்தங்கியது. கைக்கடிகாரம் சரி. என்ன மாயம்? (சயான் வாசகர்)

அந்தக் கடிகாரம் மின்சாரத்தின் அலைகளை எண்ணி நேரம் காட்டுவது. 2018 ஜனவரி மத்தியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, கொசோவோவும் செர்பியாவும் கணக்குத் தகராறில் இருந்ததால் அங்கே உற்பத்தி குறைந்தது, போர்ச்சுகல் முதல் துருக்கி வரை இணைந்த கட்டமைப்பு முழுவதும் சராசரி 49.996 ஹெர்ட்ஸில் ஓடியது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 7 நொடி இழப்பு. ஐம்பது நாளில் ஆறு நிமிடத்தை ஒட்டி வரும். இந்தக் கட்டமைப்பு நேரத்தைக் கண்காணிப்பதும் ஸ்விஸ்கிரிட்டின் வேலை. வித்தியாசம் கூடினால் 50.01 அல்லது 49.99-ல் ஓட்டச் சொல்லிச் சரிசெய்வார்கள். நேரத்தைத் திருத்தி வைக்காமல் பொறுமையாக இருந்தவர்களின் கடிகாரம் தானாகவே சரியாகியிருக்கும்.

கேள்வி: அணு உலைகளை மூடிவிட்டார்களா? (அந்தேரி வாசகர்)

ஒன்றை மட்டும். மூலபெர்க் 2019 டிசம்பர் 20-ல் நின்றது. பெட்ஸ்னாவில் இரண்டு, கோஸ்கன், லைப்ஸ்டாட் ஆக நான்கு ஓடும் நிலையில் உள்ளன. 2017 வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட சட்டம் புதிய உலைக்கு அனுமதி தராது. பழையவை பாதுகாப்பாக இருக்கும்வரை ஓடலாம். பெட்ஸ்னாவின் முதல் உலையும் நம் தாராப்பூரின் முதல் உலைகளும் 1969-ஐச் சேர்ந்தவை. பெட்ஸ்னாவ் இரண்டும் 2032, 2033-ல் மூடப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்குக் குளிர்கோபுரம் கிடையாது, ஆரே ஆற்று நீரே குளிர்விக்கிறது. ஆற்று நீர் 25 டிகிரி செல்சியஸை எட்டும் வெப்ப அலை நாட்களில் மீன்களைக் காக்க உலையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும்.

கேள்வி: அணையும் மலையும் யாருடையது? லாபம் யாருக்கு? (தாராவி வாசகர்)

தண்ணீர் மாநிலத்துக்கோ ஊராட்சிக்கோ உரியது. நிறுவனம் அதைப் பயன்படுத்த அதிகபட்சம் 80 ஆண்டு உரிமம் பெறும். ஓடும் நீரின் கணக்கிட்ட திறனுக்குக் கிலோவாட்டுக்கு ஆண்டுதோறும் அதிகபட்சம் 110 ஃப்ராங்க் தண்ணீர் வரி உண்டு. மலையூர்களின் பள்ளிக்கூடமும் சாலையும் பெரிதும் இதில்தான் ஓடுகின்றன. உரிமம் முடிந்ததும் அணை, சுரங்கம், குழாய், டர்பைன் எல்லாம் ஊருக்கே இலவசமாகத் திரும்பும். ஜெனரேட்டர் முதலான மின்சாதனங்களுக்கு மட்டும் நியாய விலை கொடுக்க வேண்டும். 2030-க்குப் பிறகு பெரிய உரிமங்கள் பல வரிசையாக முடிகின்றன. அதனால் இப்போதே பேரம் சூடாக இருக்கிறது.

கேள்வி: மகள் வீட்டுக்கு மிக்ஸியும் வெட் கிரைண்டரும் கொண்டுபோகலாமா? கன்வெர்ட்டர் வாங்க வேண்டுமா? (நெருல் வாசகி)

கன்வெர்ட்டர் வேண்டாம், அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்தான் வேறு. மூன்று மெல்லிய உருண்டை முள், நடுமுள் சற்று விலகி, அறுகோணக் குழிக்குள் போகும் சுவிஸ் வகை. விமான நிலையத்தில் விற்கும் பொதுவான ‘ஐரோப்பா அடாப்டர்’ ஜெர்மன் வகையாக இருந்தால் அந்தக் குழிக்குள் நுழையாது. இரண்டு முள் மட்டும் உள்ளது நுழையும், ஆனால் எர்த் கிடைக்காது. உலோக உடல் கொண்ட கிரைண்டருக்கு அது ஆபத்து. மூன்று முள் சுவிஸ் அடாப்டர், 10 ஆம்பியர் என்று அச்சிட்டது, வாங்கிக்கொள்ளுங்கள். 750 வாட் மிக்ஸி மூன்றேகால் ஆம்பியர்தான் எடுக்கும், கவலை இல்லை. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 9 ஆம்பியரை நெருங்கும். அதை அடாப்டரில் மணிக்கணக்கில் ஓட்டினால் தொடர்பு முனை சூடேறிப் பிளாஸ்டிக் இளகும். அதற்கு மட்டும் அங்குள்ள எலெக்ட்ரீஷியனிடம் பிளக்கையே மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். கிரைண்டரை இரவு பத்து மணிக்கு மேல் ஓட்ட வேண்டாம், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.